காகிதப் பை நிறம்

"இன்னிக்கு நீ கூடத்துப் பக்கம் தலை காட்டாதே," என்றார் மாமியார், வெள்ளைக் கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டியபடி. "சங்கத்துப் பொம்பளைங்க வர்றாங்க. சமையல்கட்டுலயே இரு. யாராச்சும் எட்டிப் பாத்தா, வேலைக்காரின்னு நெனச்சுக்கட்டும்."

"நெனச்சுக்கட்டும் அத்தை. ஏப்ரனைக் கட்டிக்கிட்டா எனக்கே அந்தச் சந்தேகம் வந்துடுது."

என் கணவர் கிளெமன்ட் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பல் டாக்டர். சிகாகோவின் தெற்குப் பக்கம் முழுக்க வாயைத் திறக்கவைப்பவர், அம்மாவுக்கு முன்னால் மட்டும் தன் வாயைத் திறக்கமாட்டார்.

மாமியாரின் சங்கத்தில் சேர ஒரு தகுதி உண்டு. மளிகைக்கடையின் பழுப்புக் காகிதப் பையின் பக்கத்தில் கையை வைத்தால், பையைவிடக் கை வெளுப்பாக இருக்கவேண்டும். இத்தனைக்கும் வருகிற எல்லோரும் கறுப்பர்கள்தான். எங்கள் பாட்டன்மார் அத்தனை பேரும் ஒரே அடிமைச் சந்தையில் விலைபோனவர்கள். நானோ அந்தப் பையில் கட்டிவரும் அடுப்புக்கரியின் நிறம்.

நான் பாடகியானது திறமையால் அல்ல. ஆர்கன்சாவிலிருந்து கான்சாஸ் சிட்டிக்குப் போய் ஓர் இரவு விடுதியில் தட்டுக் கழுவினேன். உடைத்த தட்டுகளைப் பார்த்த முதலாளி, "நீ முன்னால போய்ப் பாடித் தொலை, தட்டாவது மிஞ்சும்," என்றார். பாடினேன். பியானோக்காரர் பாட்டை ஒரு பக்கம் இழுத்தால் நான் மறுபக்கம் இழுப்பேன். அது தெரியாத்தனம், ஜனங்கள் அதைப் பாணி என்றார்கள். பிறகு வானொலி, இசைத்தட்டு. இசைத்தட்டு விளம்பரத்தில் என் கறுத்த முகத்துக்குப் பதிலாக ஒரு நிலாவைப் போட்டார்கள். முழு நிலா. உடல்வாகு வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

அன்று பெண்கள் வந்தார்கள். தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன. யாரோ என் இசைத்தட்டைக் கிராமபோனில் வைத்தார்கள். பாதிப் பாட்டில் சாவி தளர்ந்து, என் குரல் தூக்கம் வந்த கோவேறு கழுதைபோல இழுத்துக்கொண்டு நின்றது. எனக்கே பொறுக்கவில்லை. கிழங்கு உரித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடிவிட்டேன்.

கூடம் அடங்கியது. சமையலறை வாசலில் மிசஸ் வின்ஃபீல்ட் வந்து நின்றார். சங்கத்தின் தலைவி. அவருக்குப் பின்னால் மாமியார் ஓடிவந்தார்.

"யாரு லுசிண்டா இது?" என்று மாமியாரைக் கேட்டார்.

"வேலைக்காரி. நாள் பூரா அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு, அதே மாதிரி கத்துறா."

மிசஸ் வின்ஃபீல்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரவால்ல பொண்ணு, நல்லாத்தான் பாடறே. ஆனா ஆர்டெல்லா பெட்டிவே மாதிரி வராது. அந்தக் குரல்ல ஒரு குடும்பப்பாங்கு இருக்கு பாரு, அது செவத்த பொம்பளைங்களுக்குத்தான் வரும்."

அவர் சொன்ன தோரணையில் எனக்கே அது நியாயம் என்று பட்டுவிட்டது.

"எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றியா?"

கத்தியைக் கீழே வைத்தேன். சிரிப்பாகத்தான் வந்தது.

"வரமுடியாதும்மா. நாந்தான் ஆர்டெல்லா பெட்டிவே. இந்த வீட்டு மருமக."

"லுசிண்டா, இவ என்ன சொல்றா?"

மாமியார் கையுறை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். நான் ஏப்ரனோடு அவரைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், சோபாவில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் மூலையில் உட்கார்ந்திருந்த கிளெமன்டைப் பார்த்தார்கள். செய்தித்தாள் மெல்ல இறங்கியது.

"ஆமா," என்றார். ஒரே வார்த்தை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக்கூட அவ்வளவு சிரமப்பட்டிருக்கமாட்டார். "அவ என் பொண்டாட்டி."

தேநீர் ஆறுவதற்குள் கூடம் காலியானது. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தண்டனை என்று நினைத்துத்தான் நிறுத்தினார், பாவம்.

சில வாரம் கழித்து டெலிபோன் மணி அடித்தது. மிசஸ் வின்ஃபீல்ட். குரலில் தேன்.

"என் பொண்ணு கல்யாணம்மா. நீதான் வந்து பாடணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அன்னிக்கு ஏதோ தெரியாமப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே."

"அதுக்கென்னம்மா, வர்றேன்."

"ரொம்ப சந்தோஷம். ஒண்ணு மட்டும்... வரும்போது பின்வாசல் வழியா வந்துடு. முன்னால போட்டோ எடுப்பாங்க."

வெள்ளைக்காரர்களின் ஓட்டல்களில் எனக்குப் பழகிய வாசல்தான் அது. சமையலறை வாசனையை வைத்தே எந்த ஊர் ஓட்டல் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நம்மவர்கள் வீட்டிலும் அந்த வாசலை இவ்வளவு கரிசனத்தோடு திறந்துவைப்பார்கள் என்று தெரியாமல் போயிற்று.

கல்யாணத்தன்று என்னிடமிருந்ததிலேயே பளபளப்பான மஞ்சள் கவுனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்ததுபோல இருந்தது. கிளெமன்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வின்ஃபீல்ட் வீட்டு முன்படிகளில் ஏறி, மணியில் விரலை வைத்தேன். ஜன்னல் திரை விலகி, மூடியது. உள்ளே யாரோ "பின்பக்கம், பின்பக்கம்" என்று பதறினார்கள். போட்டோக்காரர் கேமராவோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

கதவு திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை.