காலர் மடிப்புக்குள் ஒரு குறி

சட்டையைத் தொட்டியில் நனைப்பதற்கு முன் காசிலிங்கம் பையிலிருந்து சேங்கொட்டையை எடுத்தான். அதை ஊசியால் குத்தி, கசிந்த பாலால் காலர் மடிப்புக்குள் இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியும் போட்டு, மேலே சுண்ணாம்பு தடவினான். கல்லில் அடித்தாலும் போகாத கறுப்பு அது. ஏரல் படித்துறையில் துவைத்த அவன் அப்பா வைத்த குறி. குறி போடாத துணியைத் தண்ணீரில் விடுவது, பேர் வைக்காத பிள்ளையைத் திருவிழாவுக்கு அனுப்புகிற மாதிரி. அதிலும் இன்றைக்குத் தேர்வுக்கு வந்த எல்லார் கையிலும் ஒரே மாதிரி பட்டாளத்துச் சட்டை. கொடியில் மாறிப்போனால் என்ன செய்வது?

பட்டாள முகாம் சலவைக்கூடத்தில் ஒப்பந்தக்காரரின் ஆளாகப் பல வருஷம் உழைத்தவன். இப்போது ஒரு இடம் நிரந்தரமாகிறது; அதற்குத்தான் இந்தத் தேர்வு. துப்பாக்கி தூக்க வேண்டாம், வெளுத்துக் கொடுத்தால் போதும். அரசாங்கச் சம்பளம், வேலிக்குள்ளேயே குடியிருப்பு. திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் கிடக்கும் மனைவி முத்துராணி வந்துவிடலாம். ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு அவனுக்கு வெறுத்துவிட்டது. இந்த வருஷம் தப்பினால் வயது தாண்டிவிடும்.

கஞ்சி பதம், இஸ்திரி கச்சிதம். அதிகாரி கைமடிப்பைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு காலரைப் புரட்டினார். முகம் மாறியது. தள்ளி வரிசையில் நின்ற காசிலிங்கமோ, இது யார் வேலை என்று தேடுகிறார் என நினைத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அலுவலகக் குமாஸ்தா ஐயம்பெருமாள் அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"என்ன காரியம்வே பண்ணிட்டீரு? துணியில ஆளு அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு காலையில வாசிச்சாங்கல்லா."

"இந்தியில என்னமோ வாசிச்சாவ அண்ணாச்சி. நான் சட்டையில கறை எங்கன இருக்குன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

"யாரு துவைச்சதுன்னு தெரியாமத்தான் மார்க் போடணும். இது ஆளைக் காட்டிக் கொடுக்குன்னு தள்ளிட்டாங்க."

"இத்தன வருஷமும் அந்தக் குறியப் போட்டுத்தான வெளுத்தேன். ஒரு துணி தொலைஞ்சிருக்கா?"

ஐயம்பெருமாள் தரையைப் பார்த்தார். "நான் எழுதுத சட்டம் இல்லையேவே."

அன்று மாலை முத்துராணி போன் செய்தாள். "விடுதியில சொல்லிரட்டுமா? பாத்திரத்தையெல்லாம் கட்டி வச்சிருக்கேன்."

"இன்னும் சேதி வரல. பைய சொல்லலாம்" என்றான். போனை வைத்த பிறகு வீடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

மறு வாரம் குடியிருப்பிலிருந்து வந்த அழுக்கு மூட்டையை அவிழ்த்தபோது, தேர்வில் துவைத்த அந்தச் சட்டை கையில் சிக்கியது. யாரோ ஒரு சிப்பாயின் பெயர்ப்பட்டி அதன் மார்பில் ஏறியிருந்தது. காலரைப் புரட்டினான். இரண்டு புள்ளி, ஒரு கொக்கி. வழக்கம்போலத் துவைத்தான், கஞ்சி போட்டான், தேய்த்து அடுக்கினான்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. ஒப்பந்த ஆட்கள் அதற்குமேல் உள்ளே இருக்கக் கூடாது. காவலாள் அவன் பையைக் கவிழ்த்து, அக்குளையும் இடுப்பையும் தடவிப் பார்த்து வெளியே விட்டான். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், மடித்த சட்டைகளை ஏற்றிக்கொண்டு தள்ளுவண்டி குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.