பார்க்காத கண்மணி

காலை பத்தேகாலுக்கு இருசப்பனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார் வேலையாட்களை மேற்பார்க்கும் சேது மண்டோர். வியாழக்கிழமை. மருந்துக்கு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். இருசப்பனுக்குக் கால்கள் பின்னின. வாயோரம் எச்சில் வழிந்தது. சட்டையில் காரமான நெடி. வாசலிலேயே வாந்தி எடுத்தான்.

"பொழுது விடிஞ்சதுமே ஆரம்பிச்சிட்டான் லா," என்றார் மண்டோர். வரிசை சிரித்தது.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் உமாபதி சிரிக்கவில்லை. மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை தீமிதி. இருசப்பன் கையில் மஞ்சள் காப்பு இருந்தது. திங்கட்கிழமை அவரே கட்டியது.

"காப்பு கட்டிக்கிட்டு சம்சு குடிப்பியாடா?"

இருசப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எச்சில்தான் வந்தது.

உமாபதி மேசையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். எல்லாரும் பார்க்கக் காப்பை அறுத்தார். போதை தெளியும்வரை லயத்து வீட்டில் படுக்கவைக்கச் சொல்லி மண்டோரோடு அனுப்பிவிட்டார். அவர் சட்டைப் பையில் சின்ன டார்ச் இருந்தது. அதை எடுத்து அவன் கண்ணைப் பார்க்க ஒரு நொடி போதும். பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு இருசப்பனின் மனைவி அமராவதி ஓடி வந்தாள். உமாபதி லயத்துக்குப் போனபோது இருசப்பனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் சதை தோலுக்கடியில் தானாக நெளிந்தது. இப்போது டார்ச்சை அடித்தார். இரண்டு கண்மணிகளும் கடுகளவு சுருங்கியிருந்தன.

சம்சு இப்படிச் செய்யாது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஓலையை அரிக்கும் புழுவுக்காக மரத்தில் துளைபோட்டு விஷம் ஊற்றும் வேலை அந்த வாரம் நடந்தது. அந்த வேலை செய்த இருசப்பனுக்கு உடல்தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டவரும் உமாபதிதான்.

அலமாரியில் இருந்த அட்ரோபின் ஊசிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். தோட்டத்து லோரியில் ஏற்றிக் கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவன் பிழைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை உமாபதி வார்டுக்குப் போனார். இருசப்பன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழப் பார்த்தான். அது அவரை அடித்ததுபோல் இருந்தது.

"படு, படு."

அமராவதி எழுந்திருக்கவில்லை. "இவருக்கு என்னதான் வந்துச்சுங்க? இங்க டாக்டரு மலாய்ல சொல்றாரு, பாதி புரியல."

உமாபதி நின்றபடியே சொன்னார். நரம்பு சதையை நேராகத் தொடுவதில்லை. நடுவில் ஒரு இடைவெளி. மயிரிழையைவிடச் சின்னது. சதை இறுகவேண்டும் என்றால் நரம்பின் நுனி ஒரு மருந்தைச் சிந்தும். அது இடைவெளியைத் தாண்டிச் சதையில் தனக்கென்று இருக்கிற இடத்தில் போய் உட்காரும். சதை இறுகும். உடனே வேறொரு ரசம் வந்து அந்த மருந்தை உடைத்துவிடும். சதை தளரும். கையைத் தூக்கினாலும் கண்ணை மூடினாலும் நடப்பது இதுதான்.

"மரத்துக்கு ஊத்துற விஷம் அந்த ரசத்தப் பிடிச்சுக்கும். உடைக்க ஆள் இல்ல. மருந்து அங்கேயே கிடக்கும்."

"அப்ப ஒரு வாட்டி இறுகுன்னு சொன்னா, அந்தச் சொல்லு நிக்கவே நிக்காதா?"

"நிக்காது. சதை துடிச்சுக்கிட்டே இருக்கும். எச்சில் வடியும். நான் போட்ட ஊசி எச்சிலையும் சளியையும் அடக்கும். சதைத் துடிப்ப அடக்காது. அது அடங்க நாளாகும்."

பயிற்சி நாளில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பாராட்டு வாங்கியவர் அவர். இப்போதும் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தன் குரல் அவருக்கே கூசியது.

அமராவதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "லயத்துப் பிள்ளைங்க எம்மவள சம்சுச் சாமி மவளுன்னு கூப்புடுதுங்க. அவ நேத்து ஸ்கூலுக்குப் போகல."

உமாபதிக்குக் காது சுட்டது. பைக்குள் கைவிட்டார். மஞ்சள் தடவிய புதுக் கயிறு. கோயிலில் வைத்துக் கும்பிட்டு, யாருக்கும் சொல்லாமல் எடுத்துவந்தது.

"கையக் கொடு, இருசப்பா. நாளைக்கு நீ தீயில நடக்க முடியாது. ஆனா காப்பு இருக்கட்டும்."

இருசப்பன் கையை நீட்டினான். விரல்கள் இன்னும் நடுங்கின. உமாபதி கயிற்றைச் சுற்றக் குனிந்தார். அதற்குள் இருசப்பன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"அறுத்தது இருபது பேரு முன்னால. கட்டுறது மட்டும் இங்கயா, ஐயா?"