சத்தமில்லாத மூன்று செக்கன்

ஆயிரத்தொன்று. ஆயிரத்திரண்டு. ஆயிரத்து மூன்று.

அவ்வளவுதான். யோகலிங்கம் நாலை எண்ண வாயெடுப்பதற்குள் அந்த வெள்ளைக் கார் தந்திக் கம்பத்தைத் தாண்டிவிட்டது. புகை இல்லை. உறுமல் இல்லை. தண்ணீரில் வள்ளம் வழுக்குகிற மாதிரி ஒரு போக்கு.

உப்புவெளிச் சோதனைச்சாவடித் தடையிலிருந்து அந்தக் கம்பத்தைத் தொட அவனுடைய லான்சர் காருக்கு நாலரை செக்கன் பிடிக்கும். நூறு தரம் எண்ணிப் பார்த்த கணக்கு அது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போகிற முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றரில் ஐந்து இடத்தில் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டியிருந்தது. அந்த ரோட்டில் நூறில் பறக்கிறவனை ஒருவரும் மதிப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து முப்பதுக்கு யார் முதலில் போகிறானோ அவன்தான் சாரதி. அதைத்தான் பிக்கப் என்பார்கள். ஆசுபத்திரியடியில் ஹயர், அதாவது வாடகைக் கார், ஓடுகிறவர்கள் யோகலிங்கத்துக்கு வைத்திருந்த பெயரே ‘பிக்கப் யோகன்’.

அந்தப் பெயர் மூன்று மாதத்துக்கு முந்தியே செத்துவிட்டது. கொன்றவன் அபூதாஹிர். கிண்ணியாப் பொடியன், முப்பது வயது, கட்டாரில் இருக்கிற அண்ணன், அவன் சொல்கிற காக்கா, அனுப்பிய பணத்தில் ஜப்பானிலிருந்து இறக்கிய ஹைபிரிட் கார். பாதி பெற்றோல், பாதி பற்றரி. சின்னக் கார்தான். ஆனால் அது வந்த நாளிலிருந்து யோகலிங்கத்துக்குச் சோறு செமிக்கவில்லை.

“என்ன யோகண்ணன், என்ட காருக்குக் கண்ணூறு போடுறீங்களா?” என்று தேத்தண்ணிக் கடையில் சிரிப்பான் அபூதாஹிர்.

“தையல் மெஷினுக்கு ஆரும் கண்ணூறு போடுவினமே, தம்பி?”

“தையல் மெஷின் எண்டாலும் சத்தம் கேக்கும்” என்பான் மற்றொரு ஹயர்க்காரன் சின்னராசா. “இது பூனை மாதிரி வந்து பக்கத்தில நிக்குது. நேற்றைக்கு நான் பீடியை விழுத்திட்டன்.”

கடையே சிரிக்கும். யோகலிங்கமும் சிரிப்பான். பல் மட்டும்.

ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை, “சும்மா படம் பாப்பம்” என்று வாங்கிப் போன யோகலிங்கம் பத்திரிகைக்குள் மறைத்து வைத்து அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தான்.

“பிள்ளையின்ர றிப்போட்டைக்கூட இப்பிடிப் படிக்கேல்லை நீங்கள்” என்றாள் மனைவி குணேஸ்வரி. “என்ன, வாங்கப் போறியளோ?”

“சீ! சும்மா தந்தாலும் எடுக்கமாட்டன்.”

புறப்படுகிற கணத்தில் பெற்றோல் எஞ்சின் வேலையே செய்வதில்லையாம். மின்சார மோட்டர்தான் இழுக்கிறது. எஞ்சின் என்றால் மூச்சுப் பிடித்து, சுற்றிச் சூடேறித்தான் பலம் காட்டும். மோட்டருக்கு அந்தச் சடங்கு இல்லை. மிதித்த கையோடு முழுப்பலம். கிளச் இல்லை, கியர் வெட்டு இல்லை. வேகம் ஏறிய பிறகுதான் எஞ்சின் வந்து தோள் கொடுக்கும். நீட்டு ரோட்டில் அது வெறும் சின்னக் கார். அந்தப் பக்கத்தை மட்டும் யோகலிங்கம் நாலு தரம் படித்தான்.

அதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பான். டொக்டர் கமலாதேவியும் அந்தக் காரைப் பார்த்துவிட்டார்.

குச்சவெளியில் கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் வைக்கிற டொக்டர். வாரத்தில் மூன்று நாள் போய், கடினமான கேஸ்களைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு பட்டினத்து ஆசுபத்திரிக்கு வருவார். மூன்று வருடமாக அந்த ஓட்டம் யோகலிங்கத்துடையது. ‘டொக்டரின்ர யோகன்’ என்றால் ஆசுபத்திரி வாசல் தானாகத் திறக்கும். பிக்கப் போன பிறகு அவனிடம் மிஞ்சியிருந்த பட்டம் அது ஒன்றுதான்.

ஒரு புதன்கிழமை காலையில் டொக்டர் குச்சவெளியிலிருந்து ரெலிபோன் எடுத்தார். அன்றைக்கு அம்புலன்ஸில் போயிருந்தார். அது அவரை இறக்கிவிட்டு வேறெங்கோ போய்விட்டது.

“யோகலிங்கம், ரெண்டு பேரை ஏத்த வேணும். நீங்களும் வாங்கோ, அபூதாஹிரையும் வரச் சொல்லுங்கோ. ஒரு கதை, கோவிக்கக்கூடாது. ஒவ்வொரு சென்றித் தடையிலையும் உங்கட கார் வெட்டி வெட்டி எடுக்குது. நிறைமாசக்காரியளுக்கு ஏலாது. அந்தக் காரிலையும் ஒருக்கா ஏறிப் பாத்திட்டு, இனி ஆர் எண்டு முடிவு சொல்லுறன்.”

வெட்டி வெட்டி எடுக்குதாம்! இருபது வருடம் கிளச் மிதித்த காலைப் பார்த்து!

இரண்டு காரும் ஒன்றாகவே புறப்பட்டன. உப்புவெளியில் மூன்று செக்கன். சல்லிச் சந்தியில் அதே மூன்று. ஒவ்வொரு தடையிலும் முன்னுக்கு நின்றவன் யோகலிங்கம்; அடுத்த கம்பத்தை முந்தித் தொட்டவன் அபூதாஹிர். போகிற போக்கில் யன்னலால் கையை ஆட்டிவிட்டுப் போனான். அந்தக் கையை முறிக்க வேண்டும் போலிருந்தது.

நிலாவெளி தாண்டியதும் ரோட்டு நீண்டது. யோகலிங்கம் மூன்றாம் கியரில் போட்டு மிதித்தான். லான்சர் அலறியது. அறுபது, எழுபது, எண்பது. வெள்ளைக் கார் பெரிதாகி, பக்கத்தில் வந்து, பின்னுக்குப் போனது. “தையல் மெஷின்!” என்று காற்றுக்குள் கத்தினான்.

கடைசித் தடை பாலத்தடியில். அந்தக் கிழமைதான் வந்த புது ஆமிக்காரர். யோகலிங்கம் எஞ்சினை நிறுத்தினான், இறங்கினான், டிக்கியைத் திறந்தான், சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டான். “போ” என்றார்கள். தடையைத் தாண்டி கியரை மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தான்.

அபூதாஹிரின் கார் வந்து நின்றது. நின்றதும் வழக்கம்போலத் தானாகவே மௌனமானது. சத்தமில்லாத காரை ‘எஞ்சினை நிறுத்து’ என்று யார் சொல்வார்கள்? நிறுத்தியாகிவிட்டது என்று நினைத்த ஆமிக்காரன் நம்பரைப் பார்க்க முன்னால் வந்து குனிந்தான். பின்னால் நின்ற இன்னொரு ஆமிக்காரன் யாருக்கோ கையசைத்தான். தன்னைத்தான் போகச் சொல்கிறான் என்று எண்ணி அபூதாஹிர் பிறேக்கிலிருந்து காலை எடுத்தான்.

செத்துக் கிடந்த கார் ஆமிக்காரனின் முழங்காலில் முட்டியது.

அடுத்த கணம் நாலு துவக்குகள் அவனை நோக்கி நீண்டன. அபூதாஹிர் ரோட்டில் முழங்காலில், கைகள் தலைக்கு மேலே. ஒருவன் டிக்கி விரிப்பைக் கிழித்தான். உள்ளே ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து தடித்த செம்மஞ்சள் வயர்.

“குண்டு! பின்னுக்கு ஓடுங்கள்!” என்று சிங்களத்தில் கத்தல்.

யோகலிங்கத்துக்கு முன்னால் ரோட்டு வெறுமையாகக் கிடந்தது. பத்து நிமிடத்தில் டொக்டர். ஒரு கார்தான் வந்தது என்றால் ஒரு கார்தான். முடிவும் அதோடு முடிவு.

“ஏய் லான்சர்! இங்கே வா!”

சார்ஜன்ற் கூப்பிட்டார். போனான்.

“இவனைத் தெரியுமா? இது என்ன பெட்டி?”

அபூதாஹிர் தலையைத் தூக்கிப் பார்த்தான். உதடு உலர்ந்திருந்தது. அவனுக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்தத் துவக்குகளுக்கு முன்னால் ஓடிப்போயிருந்தது. ‘தெரியாது’ என்று ஒரு சொல் போதும். ஜீப் வரும், ஏற்றும். அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏறியவன் எப்போது இறங்குவான் என்று யாரும் கேட்பதில்லை. டொக்டரின் யோகன் டொக்டரின் யோகனாகவே இருப்பான்.

ஆயிரத்தொன்று. ஆயிரத்திரண்டு. ஆயிரத்து மூன்று.

“தெரியும் சேர். ஆசுபத்திரி ஹயர்க்காரன். பெட்டி பற்றரி. இருநூறு வோல்ட்டுக்குக் கிட்ட. தொட்டுவிடாதீர்கள்.”

பிறகு புத்தகம் முழுவதும் வாயால் வந்தது. பற்றரி, மோட்டர், நின்றால் எஞ்சின் ஏன் நிற்கிறது, ஏன் சத்தமில்லாமல் நகர்கிறது. தன் லான்சரைப் பற்றிக்கூட அவன் ஒரு நாளும் இப்படிப் பெருமையடித்ததில்லை. சொல்லச் சொல்ல வயிறு எரிந்தது.

சார்ஜன்ற் நம்பவில்லை. “எஞ்சின் இல்லாமல் ஓடுமா? ஓட்டிக் காட்டு.” பக்கத்தில் ஏறிக் குந்தினார்.

யோகலிங்கம் முதன்முதலாக அந்தக் காரின் சாரதிக் கதிரையில் உட்கார்ந்தான். மிதித்தான். முதுகை யாரோ மெதுவாகப் பிடித்துத் தள்ளினார்கள். பனைகள் சத்தமில்லாமல் பின்னுக்கு ஓடின. சார்ஜன்ற் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். “இன்னொரு தரம்!”

யோகலிங்கம் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளும் வெளியே நின்று பார்த்த பொறாமை ஒன்று. உள்ளே இருந்து பட்ட பொறாமை வேறு.

திரும்பி வந்ததும் சார்ஜன்ற் இருவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் கொப்பியில் எழுதினார். “முகாமிலிருந்து அனுமதிக் கடிதம் வரும்வரை இந்தக் கார் பாலத்தைத் தாண்டினால் நீதான் ஓட்ட வேண்டும். பொறுப்பு நீ.”

குச்சவெளியில் டொக்டர் இருவரையும் பார்த்த பார்வையில் அரை மணித்தியாலத் தாமதத்துக்கான ஏச்சு இருந்தது. கதையைக் கேட்டதும் தணிந்தார். இரண்டு கர்ப்பிணிகளையும் ஹைபிரிட்டில் ஏற்றினார். யோகலிங்கம் ஓட்டினான். அபூதாஹிர் லான்சரில் பின்னால் வந்தான்.

ஐந்து தடை. ஐந்திலும் நின்று எடுத்தான். ஆசுபத்திரி வாசலில் பின்னால் நித்திரை கலைந்த பெண் கேட்டாள்: “ஐயா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “உங்களிட்ட ஒளிக்கேலாது, யோகலிங்கம். எனக்கு இந்தக் கார்தான் வேணும். கடிதம் வரும்வரைக்கும் நீங்கள் ஓட்டுங்கோ. வந்தாப் பிறகு அபூதாஹிர் ஓடட்டும்.”

அதுவரைக்கும் பட்டினத்து ஹயருக்கு லான்சரை அபூதாஹிர் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. “உங்கட வண்டியக் கண் மாதிரிப் பாப்பன், யோகண்ணன். நீங்க என்ட உசிரக் காப்பாத்தின மனுசன்” என்றான். போகிற வருகிற இடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தான். ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் யோகலிங்கத்துக்கு எங்கேயோ குத்தியது.

ஒன்பதாம் நாள் பாலத்தடியில் சார்ஜன்ற் ஒரு கடித உறையை நீட்டினார். “இனி அவனே ஓட்டலாம். பத்திரமாகக் கொடு.”

யோகலிங்கம் அதைச் சட்டைப் பையில் வைத்தான். பின்னால் டொக்டர் நித்திரை. லான்சரில் அவர் ஒரு நாளும் கண் அயர்ந்ததில்லை.

கொடுத்தால் எல்லாம் போகும். கொடுக்காவிட்டால்? ‘இன்னும் வரேல்லை’ என்று சொல்லிக்கொண்டே ஒரு மாதம் ஓட்டலாம். அன்றைக்கு அவன் கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. கடிதம் வியர்வையில் ஊறி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. “கடிதம் ஏதும் வந்ததா, யோகண்ணன்?” என்று அபூதாஹிர் கேட்டான். “ஆமிக்காரன்ர வேலை தெரியாதே, தம்பி” என்றான்.

மூன்றாம் நாள் பொழுது சாய, ஆசுபத்திரியடியில் லான்சர் வந்து நின்றது. அலுங்காமல் நின்றது. யோகலிங்கம் கிட்டப் போனான். கதிரை முன்னுக்கு இழுத்திருந்தது. கண்ணாடி வேறு பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே அத்தர் மணம்.

“யோகண்ணன், ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க” என்று அபூதாஹிர் இறங்கினான். முகமெல்லாம் பூரிப்பு. “உங்கட லான்சர்ல ஒரு இழுவ இருக்கு! வல்லாஹி, ஆணையாச் சொல்றன், என்ட கார்ல அது இல்ல. என்ட கார் கூட்டிட்டுப் போகுது. இது கூடவே ஓடி வருது.”

“ம்.”

“நீங்க கிளச்ச ஒரேயடியா விடுறீங்க. அதான் வெட்டுது. பாதியில ஒரு மூச்சுப் பிடிச்சு விட்டுப் பாருங்க. இண்டைக்கு உப்புவெளித் தடையில ரெண்டு பேர ஏத்திக்கிட்டு எடுத்தன். கம்பத்துக்கு எத்தின செக்கன் தெரியுமா?”

யோகலிங்கம் கதவுக் கைப்பிடியைச் சட்டை நுனியால் துடைத்தான்.

“நாலு!”

“ஓம் யோகன்” என்றான் சின்னராசா, தேத்தண்ணியை உறிஞ்சியபடி. “நானும் பின்னுக்கு நிண்டு பாத்தனான். அந்த லான்சர் இவ்வளவு காலமும் உன்னட்டச் சிறையில கிடந்திருக்கு. இவன்ர கையிலதான் ஓடுது.”

அதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. அடுத்தவன் காரைப் பார்த்து எரிந்தது வெறும் புகைச்சல். இது நெருப்பு. இருபது வருடமாகத் தன் காலடியில் கிடந்த வண்டி, ஒன்றரைக் கிழமைக்குள் இன்னொருத்தனுக்கு நாலு செக்கனில் ஓடிக் காட்டியிருக்கிறது!

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை உருவினான். அபூதாஹிரின் நெஞ்சில் அடிக்கிற மாதிரி நீட்டினான்.

“இந்தா. உன்ர கடிதம். நாளையிலயிருந்து டொக்டரை நீயே ஏத்து. என்ர கார்த் திறப்பைத் தா.”

அபூதாஹிர் விரித்துப் பார்த்தான். “யோகண்ணன்… இதில முந்தாநேத்துத் திகதியெல்லோ—”

“திறப்பைத் தா எண்டனான்!”

சின்னராசாவின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அபூதாஹிர் கடிதத்தைப் பார்த்தான், யோகலிங்கத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் திறப்பைக் கொடுத்தான். அப்படி ஒன்றும் கேட்காமல் கொடுத்ததுகூட யோகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஹைபிரிட்டின் திறப்பை அவன் கையில் திணித்துவிட்டு லான்சரில் ஏறினான். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். நாலு யன்னலையும் இறக்கினான், மணம் போகட்டும் என்று.

நேரே உப்புவெளி. இறங்கினான், அட்டையைக் காட்டினான், ஏறினான். தடை உயர்ந்தது. முதல் கியர். ஒரேயடியாக விடப் போன கால், பாதியில் தானாகவே ஒரு மூச்சுப் பிடித்தது.

ஆயிரத்தொன்று. ஆயிரத்திரண்டு. ஆயிரத்து மூன்று. ஆயிரத்து நாலு.

கம்பம் பின்னுக்குப் போனது. லான்சர் ஒரு தரம்கூட வெட்டவில்லை.

“சனியன்” என்றான் யோகலிங்கம். காரையா, அபூதாஹிரையா என்று அவனுக்கே தெரியவில்லை. திருப்பிக்கொண்டு வந்து மறுபடி தடையில் நின்றான், மூன்றரைக்கு முயன்று பார்க்க.