அளவெடுத்த திருட்டு

எங்கள் தெருவில் குற்றம் சைபர். மேலிடத்துக் கணக்கு அப்படித்தான் சொன்னது. அதனால் தெருமுனைப் போலீஸ் பூத்தை எடுத்து, சந்தைக்கு அந்தப் பக்கம், எண்ணிக்கை கொழுத்த ஒரு தெருவில் வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

உண்மையில் எங்கள் தெருவிலும் திருட்டு உண்டு. சைக்கிள் போகும். காஸ் சிலிண்டர் போகும். மாடியில் காயப்போட்ட சட்டை போகும். ஆனால் பூத்தில் இருந்த போலீஸ்காரர் எதையும் எழுத மாட்டார். பையிலிருந்து பேனாவை எடுக்காமலே கிளம்பிப் போய் யாரையோ பார்ப்பார், தோளில் கை போடுவார், பொழுது சாய்வதற்குள் பொருள் வீடு வந்து சேரும். தெருவே அவருக்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருந்தது.

பூத் போகிறது என்றதும் அதிகம் ஆடிப்போனது என் மாமியார். மகள் இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் என்னோடு தங்கிவிட்டவர். நான் வேலைக்குக் கிளம்பியதும் பூத்துக்குப் போய் அங்கிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவரும் சமாதானமும் பேசாத விஷயம் கிடையாது. செய்தி வந்த அன்று என் முன்னால் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பூத்தும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுறது மாப்பிள்ளை? உங்ககிட்டயா?"

நான் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

தையல்காரர் கடையில் கூடினோம். கூட்டம் என்றால் அவர், மாமியார், நான், மருந்துக்கடைக்கார அம்மா. அந்த அம்மா கடையைச் சாத்திவிட்டு இருட்டில் தனியாக வீட்டுக்கு நடக்கிறவர். பூத் விளக்கைக் கண்ட பிறகுதான் தனக்கு மூச்சே வரும் என்றார். ஒரே ஒரு திருட்டாவது நடக்க வேண்டும், அதை எழுதவும் வைக்க வேண்டும் என்று முடிவானது. எதைத் திருடுவது என்பதில்தான் இழுபறி. தையல் மெஷினைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார் தையல்காரர். மருந்து காணாமல் போனால் அது வேறு சட்டம், உள்ளே போவது நானாக இருக்கும் என்றார் அந்த அம்மா. ஆளாளுக்கு அடுத்தவர் வீட்டுப் பொருளைத் தாராளமாக வாரி வழங்கினார்கள்.

"எங்க மாடிப்படிக்குக் கீழ ஒரு ஸ்கூட்டர் சும்மாதான நிக்குது," என்றார் மாமியார்.

என் மனைவியின் ஸ்கூட்டர். அவள் போனதிலிருந்து யாரும் தொட்டதில்லை. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எடுத்துக்குங்க," என்றேன்.

மாமியாருக்கு முகம் சுருங்கியது. "பேச்சுக்காவது ஒரு தடவை வேணாம்னு சொல்லக்கூடாதா?"

திருடன் வேலை தையல்காரருக்கு. இருட்டில் தள்ளினால் சந்தேகம் வரும் என்று பட்டப்பகலில் தள்ளிக்கொண்டு போனார். முகத்தைத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார். பல்வலியா அண்ணே என்று விசாரித்த பால்காரர், கடை மேட்டில் ஒரு கை கொடுத்துத் தள்ளியும் விட்டார். வண்டி கடையின் பின்கட்டில் பதுங்கியது.

மறுநாள் காலை நானும் மாமியாரும் புகார் கொடுக்கப் போனோம். சமாதானம் அடையாளம் கேட்டார். நிறம் சொன்னேன். நம்பர் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இடது பக்கக் கண்ணாடி ரோட்டைக் காட்டாது, பின்னால் இருப்பவர் முகத்தைத்தான் காட்டும் என்றேன். ஏன் என்றார். நான் பின்சீட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், அதைக் கண்காணிக்க அவள் அப்படித் திருப்பி வைத்திருந்தாள் என்றேன். வண்டியிலேயே கிடக்கும் சாவியில் என் பழைய சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கும். ஹாரன் முதல் அழுத்தில் விக்கும், இரண்டாவதில்தான் கத்தும். அவள் வீட்டு வாசலுக்கு வந்தால் அந்த விக்கல்தான் முதலில் கேட்கும்.

சமாதானத்தின் பேனா பையிலேயே இருந்தது. மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு தம்பி கேஸ் கீஸ்னு?" என்றார் சமாதானம். "சாயங்காலம் வண்டி உங்க வாசல்ல நிக்கும்."

எங்களுக்கு அதுதான் பயம்.

சாயங்காலம் வாசலில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு ஹாரன்.

"வந்துட்டா," என்று மாமியார் அடுப்படியிலிருந்து ஓடினார். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்ததும் நின்றுவிட்டார். நானும் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

வெளியே வண்டிமேல் சமாதானம். பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் போட்டு, ஓட்டியே வந்திருந்தார். கையில் ஒரு துணி மடிப்பு. பிரித்துக் காட்டினார். வண்டிக்கு உறை. கைப்பிடிகளுக்குத் தனி உறை, கண்ணாடிகளுக்குக் குட்டிக் குல்லாய், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். கிடைத்த கோணியைப் போர்த்தி மறைக்க நம் திருடருக்குக் கை வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அளவெடுத்துத் தைத்திருக்கிறார்.

"இந்தத் தெருவுல இப்படி ஒரு திருடன் இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார் சமாதானம்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது பழைய மாமியாராகிவிட்டிருந்தார்.

"அதிருக்கட்டும் சார். திருட்டு வண்டியில உக்காந்திருக்கிறது யாரு?"

சமாதானம் சட்டென்று இறங்கினார்.

"நாங்க பாத்த ஒரே ஆள் நீங்கதான். எழுதினீங்கன்னா திருடன் வேற யாரோ. எழுதலன்னா நீங்கதான்."

எதற்கு இந்தக் கூத்து என்பதையும் மாமியாரே சொல்லி முடித்தார். சமாதானம் கேட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டார். சைபரைப் பார்த்து மேலே மெச்சிக்கொள்வார்கள் என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தாராம். சைபரே தன் நாற்காலிக்கு உலை வைக்கும் என்று தோன்றவே இல்லையாம்.

பேனாவை எடுத்தார். எழுதவில்லை. பையிலேயே கிடந்து மை காய்ந்திருந்தது. மாமியார் உள்ளே போய் என் பேனாவைக் கொண்டுவந்தார். அடையாளம் தெரியாத நபர் என்று சமாதானம் ஆரம்பித்தபோது, நன்றாகத் தைப்பவன் என்று சேர்த்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கவும் செய்தார்.

திருட்டு ஒன்று, மீட்பு ஒன்று. மேலிடத்துக்கு ஏகக் குஷி. நூற்றுக்கு நூறு துப்புத் துலக்கிய பூத்தை எப்படி எடுப்பது என்று அதை அங்கேயே விட்டுவைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பூத் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார். நடந்தால் கூப்பிடு தூரம்தான். இடது கண்ணாடியை நான் திருப்பவில்லை. அதில் அவர் முகம் தெரிந்தது.

"தூங்கிடாதீங்க அத்தை," என்றேன்.

"பேசிக்கிட்டே ஓட்டுங்க. தூங்க மாட்டேன்."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. பூத்தைத் தாண்டிவிட்டோம். ஹெல்மெட் எங்கே என்று சமாதானம் தலையைத் தட்டிக் காட்டினார். எப்படியும் எழுத மாட்டார் என்று நான் மெதுவாகவே போனேன். மாமியார் என் முதுகில் தட்டினார்.

"வேகமாப் போங்க மாப்பிள்ளை. உங்க பேனா இன்னும் அவர்கிட்டதான் இருக்கு."