திறந்திருந்த மைக்

லீலாவதியின் ஜெபத்துக்குப் பெருநகர் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிறிஸ்தவச் சபைகளில் தனி மரியாதை உண்டு. அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தால் ஆலயத்துக்குள் கைக்குழந்தைகூடச் சிணுங்காது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், அந்த ஜெபத்தாலேயே அவள் தன் மகனை இழந்தாள்.

மகன் பாஸ்கருக்கு வயது பதினேழு. பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டு, வீரபத்திரனின் ரேடியோ செட் கடையில் சேர்ந்திருந்தான். கல்யாணம், கூத்து, அம்மன் திருவிழா என்று ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லை. சபையில் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்புக்கும் பாதியிலேயே முழுக்குப் போட்டுவிட்டான். வீட்டில் தினமும் சண்டை.

"கோயில் கோயிலா ஒயர் இழுக்கறதுக்கா உனக்கு ஞானஸ்நானம் குடுத்தோம்?" என்பாள் லீலாவதி.

"ஒயருக்கு இன்னாம்மா தெரியும், எந்தச் சாமின்னு?" என்பான் அவன்.

ஒரு ஞாயிறு அதிசயமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அன்று ஜெபிப்பது லீலாவதியின் முறை. நன்றி சொல்லித்தான் தொடங்கினாள். போகப் போக ஆவேசம் ஏறிவிட்டது. "ஆண்டவரே, என் புள்ள பாஸ்கரு பிசாசு கையில கீறான்! அவன் திமிர அடக்கும்!" என்று பேர் சொல்லிக் கதறினாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் இடம் காலியாக இருந்தது. அன்று சாயங்காலமே துணிப்பையோடு வீரபத்திரன் கடைக்குக் குடிபோய்விட்டான்.

ஐந்து மாதம் ஓடியது. தெருவில் எதிரே வந்தால் மகன் சைக்கிளைத் திருப்பிக்கொள்வான். அவளும் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். அவள் புருஷன் வேதகிரி அதிகம் பேசாத மனுஷர். ராத்திரிக் குழம்பில் ஒரு பங்கைத் தூக்கில் ஊற்றி மகனுக்குக் கொண்டுபோவார், பெண்டாட்டிக்குத் தெரியாது என்ற நினைப்பில். அவளோ தினமும் ஒரு ஆள் சாப்பாட்டைக் கூடுதலாகவே சமைத்தாள்.

லீலாவதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். மார்கழி மாதம் ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. வாத்தியார் ஒருவர் இருநூறு பிள்ளைகள் முன்னால் அவளை நிற்கவைத்து, பொறுப்பற்றவள் என்று திட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் இரண்டு நாள் அவளால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, என் புள்ளைக்கும் இப்படித்தான இருந்திருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தை மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணியும் கரும்பும் புது நெல்லும் ஆலயத்தில் குவிந்தன. சபையின் பழைய மைக் பழுதானதால், ஐயர் என்று எல்லாரும் அழைக்கும் போதகர், வீரபத்திரன் கடையில் சொல்லியிருந்தார். காலை ஏழு மணிக்கே பாஸ்கர் வந்து வேப்பமரத்தில் நாலு குழாய்களைக் கட்டிவிட்டான். பக்கத்து அறையில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் அவன் தனியாக இருப்பதைப் பார்த்த லீலாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாஸ்கரு, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ம்மா, இரும்மா, அது..."

"நடுவுல பேசாத. அப்பறம் தெகிரியம் போயிடும். அன்னிக்கி நான் பண்ணது ஜெபமே இல்லடா. எங் கோவத்த ஆண்டவர் பேர்ல கொட்டிட்டேன். அத்தினி பேர் முன்னால உன்ன அசிங்கப்படுத்திட்டேன். தப்பு என்னுது. என்ன மன்னிச்சுடு."

சுவிட்சை நோக்கி நீண்ட பாஸ்கரின் கை பாதியில் நின்றது.

"உங்க நைனா எடுத்தார்ற கொழம்பு நான் உனக்காகப் பண்றதுதான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினுகீறாரு, பாவம். இன்னொண்ணு. ஐயரு பிரசங்கம் ரொம்ப நீளம்னு சொன்னியே, அது மெய்தான்டா. எனக்கே தூக்கம் வருது."

வெளியே வெடிச்சிரிப்பு கேட்டது. வயல்வெளிக்கு அப்பால் மோதி, "தூக்கம் வருது... வருது..." என்று அவள் குரலே திரும்பி வந்தது.

"மைக்கு ஆன்ல கீதும்மா," என்றான் பாஸ்கர்.

லீலாவதி தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு முதலில் கண் கலங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாஸ்கர் மைக்கை எடுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங். எங்கம்மாவ நான் மன்னிச்சிட்டேன். நானும் அவங்கள ரொம்பப் பேசிட்டேன். அவங்களும் மன்னிக்கணும். எல்லாரும் ஆராதனைக்கு வாங்க," என்று சொல்லி சுவிட்சை அணைத்தான்.

கதவைத் திறந்தால் ஐயர் நின்றுகொண்டிருந்தார். "லீலாவதியம்மா, இன்னிக்கிப் பிரசங்கம் பத்தே நிமிஷம்," என்றார். அவருக்குப் பின்னால் வேதகிரி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரித்தார்.

மத்தியான விருந்தில் பாஸ்கர் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சாயங்காலம் ஐயங்கார்குளத்துல கோயில் விசேசம். ஒயர் கட்டணும்மா."

லீலாவதிக்கு ஒரு நொடி ஏதோ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அவன் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தாள். "மரத்துமேல பாத்து ஏறு. வேலய முடிச்சிக்கினு வூட்டுக்கு வந்துடு."

மறுநாள் காலை துணிப்பையோடு வந்து நின்ற பாஸ்கர், "நாஷ்டா இன்னாம்மா?" என்றான். தோசை சுடச்சுட அப்பனும் மகனும் போட்டி போட்டுத் தின்றார்கள். மாவு தீர்ந்துபோய், அவள் தனக்குப் பழையசோற்றைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.