சின்னம்மாவின் பச்சைப் புடவை

இளவரசி பழவேற்காட்டுக்காரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பத்தில் பிறந்து, பொன்னேரியில் கல்லூரி முடித்து, சென்னையில் சினிமா உடை வடிவமைப்பாளர்களிடம் எட்டு வருடம் உதவியாளராக இருந்தவள். முப்பத்திரண்டாவது வயதில்தான் தன் பெயரில் ஒரு படம் கிடைத்தது. இயக்குநர் முரளி எடுக்கவிருந்தது கணவனைக் கடலில் இழந்த ஒரு மீனவப் பெண்ணின் கதை. "இத உன்னைத் தவிர யாரு பண்ண முடியும்? நீ அந்த மண்ணு" என்று அவர் போனில் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முரளி எதையும் போனில்தான் பேசுவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கூப்பிடுவார். காரில் போகும்போது பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவார். வார்த்தைக்கு நடுவே வாய் கொப்பளித்துத் துப்புகிற சத்தம் அவள் காதுக்குள் வந்து விழும். பெரிய ஆட்கள் அப்படித்தான் என்று முதலில் பொறுத்துக்கொண்டாள்.

மீன் ஏலம் எடுக்கிற இடத்துக்குப் போய்ப் பெண்களைப் படம் பிடித்து அனுப்பினாள். பூப்போட்ட நைலெக்ஸ் புடவைகள், மேலே வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டை, காதில் கம்மல், தலையில் கனகாம்பரம். திரும்பி வரும்போது ரயில் மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் முரளி கூப்பிட்டார்.

"எல்லாரும் கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்காங்களேம்மா. எனக்கு அழுக்கு வேணும். பாக்குறவனுக்கு நாத்தம் அடிக்கணும்."

அவர்கள் தினமும் உடுத்துவது இதைத்தான் என்று இளவரசி சொன்னாள். காலையில் எழுந்து குளித்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார்கள் என்றும் சொன்னாள். முரளி சிரித்தார். அது தனக்கும் தெரியும் என்றும், பார்க்கிறவனுக்குத் தெரியத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் புதுப் புடவைகளை வாங்கி டீத்தண்ணீரில் ஊறப்போட்டாள். உப்புத்தாளால் தேய்த்தாள். முந்தானைகளைப் பிளேடால் கீறினாள். அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அழைப்பு வந்தது. இன்னும் கிழி என்றார். முந்தானை போதாது, இடுப்புக்கிட்டக் கிழி என்றார். மறுநாள், ஜாக்கெட்டை முதுகில் கிழி என்றார். கிழிசல் எல்லாம் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று இளவரசிக்குப் புரிந்தது. உழைக்கிற பெண்ணின் துணி அக்குளில் விடும், முழங்காலில் விடும், நீங்கள் சொல்கிற இடங்களில் விடாது என்றாள். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக் கொஞ்சுகிற மாதிரி, "நீ இன்னும் ஊர்க்காரியாவே இருக்க. டெக்னீஷியனா யோசி" என்றார். அழைப்பு முடிந்ததும் அவள் போனைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். காதையும் துடைத்துக்கொண்டாள்.

ஆனாலும் படத்தை விட மனசு வரவில்லை. எட்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தானே என்று இருந்தது. அதனால்தான் அந்தத் தவறைச் செய்தாள்.

பிணம் கரைக்கு வருகிற காட்சி எழுதவே வரவில்லை என்று ஒரு நாள் மதியம் முரளி புலம்பினார். அவரைத் திருப்திப்படுத்த இளவரசி தன் சின்னம்மாவின் கதையைச் சொன்னாள். அம்மாவின் தங்கை குப்பம்மா. அவள் புருஷன் கேசவன் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து, மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. உடம்பில் ஒரு நூல் இல்லை. ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, குப்பம்மா கட்டியிருந்த பச்சைப் புடவையை அவிழ்த்து அவர் மேல் போர்த்திவிட்டு, பாவாடையோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். அப்போது இளவரசிக்கு வயது பதினேழு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லத் தன் குரல் நடுங்குவதையும், நடுங்கினால் நன்றாக இருக்கும் என்று தானே நினைப்பதையும் அவள் கவனித்தாள்.

அவள் முடித்ததும் முரளி கேட்டார்:

"அந்தப் புடவை இருக்கா?"

தெரியாது என்றாள். கேட்டுப் பார்க்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து ஊருக்குப் போனாள்.

குப்பம்மா நண்டுக்குழம்பு வைத்திருந்தாள். அக்கா மகளின் படத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இளவரசி சாப்பிட உட்கார்ந்து, நண்டுக்காலை உடைத்துக்கொண்டே, ஏதோ சாதாரண விஷயம் மாதிரி, சித்தப்பா உடல் ஒதுங்கிய அன்றைக்குக் கட்டியிருந்த புடவை இருக்கிறதா என்று கேட்டாள்.

குப்பம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"அது அவரோடயே போச்சு. இன்னாத்துக்குக் கேக்குற?"

"கலர் பாக்கத்தான், சின்னம்மா" என்று இளவரசி பொய் சொன்னாள்.

அந்த நேரம் போன் அடித்தது. திரையில் முரளியின் படம். இளவரசியின் கையெல்லாம் குழம்பு. குப்பம்மா, "உனக்குப் படம் குடுத்த சாரா?" என்று சந்தோஷமாகக் கேட்டபடி, இளவரசி தடுப்பதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தாள்.

"கெடச்சுதா?" என்றது முரளியின் குரல்.

"இல்ல சார். அது இல்ல. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

"இல்லன்னா என்ன? ஒரு பச்சைப் புடவைய எடுத்துச் சேத்துல பொரட்டு. அதுதான் இதுன்னு சொல்லிக்கலாம். செத்தவன் பொண்டாட்டியோட நெஜப் புடவைன்னா பிரஸ் அள்ளிக்கும். அந்தம்மாவ அந்த இடத்துல அதே மாதிரி பாவாடையோட உக்கார வெச்சு ஒரு போட்டோ எடு. ஹீரோயினுக்கு ரெஃபரன்ஸ். ஒரு புடவை வாங்கிக் குடுத்தா உக்காந்துரும்."

குப்பம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. இளவரசிக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. அதை இலையிலேயே துப்பினாள்.

"சார், இந்தப் படத்துல நான் இல்ல" என்றாள்.

முரளி கேட்டார்: "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவள் குழம்புக் கையாலேயே அழைப்பைத் துண்டித்தாள். திரையில் அவர் முகத்தின் மேல் மஞ்சளாக எண்ணெய் படிந்தது.

குப்பம்மா குழம்புச் சட்டியை மூடிவைத்தாள். பிறகு, திட்டுகிற தொனிகூட இல்லாமல், கேட்டாள்: "அவன் கெடக்குறான். அவன் யாரோ. நான் பாவாடையோட குந்திகினு இருந்தத அவனுக்கு யாரு சொன்னது?"

முரளியின் குரல் இளவரசிக்குக் குமட்டலைத் தந்திருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு குமட்டல் அவரோடு நிற்கவில்லை, தன் மேலேயே திரும்பியது. கை கழுவப் போனவள் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள்.

படம் நிற்கவில்லை. வேறொரு வடிவமைப்பாளர் வந்தார். வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு பேட்டி எல்லார் போனிலும் ஓடியது. முரளி மடியில் ஒரு சேறு படிந்த பச்சைப் புடவையை வைத்துத் தடவியபடி, பழவேற்காட்டில் ஒரு விதவைத் தாய் அழுதுகொண்டே தன் கையில் கொடுத்தது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புடவையில் இஸ்திரி மடிப்புகூடப் போயிருக்கவில்லை.

குப்பத்திலும் அதைப் பார்த்தார்கள். இளவரசி அன்றே ஊருக்குப் போய், சின்னம்மாவின் முன்னால் உட்கார்ந்து முரளியைப் போனில் கூப்பிட்டாள். எடுத்த உடனே, "பாத்தியா, எப்படி வந்திருக்கு?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் குப்பம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் குப்பம்மா பேசுறேன். என் புடவ மண்ணுல கெடக்குது. உன் மடியில கெடக்குறது யாருது?"

யார் பேசுவது என்று முரளி கேட்டார். அவள் மறுபடியும் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். செத்தவர் பெயர் கேசவன் என்று சொன்னாள். அழைப்பு துண்டானது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. இளவரசி நடந்ததை அப்படியே தன் பெயரில் எழுதிப் போட்டாள். தன் பங்கையும் மறைக்காமல் எழுதினாள். சிலர் பகிர்ந்தார்கள். பலர் விளம்பரத்துக்காகச் செய்கிறாள் என்றார்கள். மூன்றாம் நாள், பேட்டியிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மன்னிப்பு எதுவும் வரவில்லை. படம் இரண்டு வாரம் ஓடியது.

இளவரசி இப்போது விளம்பரப் படங்களுக்குத் துணி பார்க்கிறாள். இயக்குநர்கள் போனில் ஊரைப் பற்றிக் கேட்டால் பொன்னேரிப் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். ஊருக்குப் போனால் குப்பம்மா முன்போலவே சோறு போடுகிறாள், மீன் சுத்தம் பண்ணிக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். ஆனால் பழைய கதை எதையாவது பேச ஆரம்பித்தால், பாதியில் நிறுத்தி, இளவரசியின் போன் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.