அனகா திரும்பி வருவாளா

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஷிபின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ரிசார்ட் மேனேஜர் அழைத்தார்.

"ஷிபினே, வீடியோ கண்டியா?"

"எந்த வீடியோ சாரே?"

"அனுப்பியிருக்கேன். பாத்துட்டு விளி."

வீடியோவில் காருக்குள் உட்கார்ந்து ஓர் இளைஞன் பேசினான். தொப்பி போட்டிருந்தான். 'உப்புக் கிரகம்' தொடரின் கடைசிப் பகுதி இன்று மாலை. ஆனால் முடிவு நமக்கு இப்போதே தெரியும். கமாண்டர் அனகா பூமிக்குத் திரும்பமாட்டாள். அவளைக் கிரகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பூவாரில் படமெடுத்த அன்று படகு ஓட்டியவர்கள் தரப்பிலிருந்து வந்த உறுதியான செய்தி இது.

ஷிபின் இரண்டு முறை பார்த்தான். பிறகு அழைத்தான்.

"சாரே, நான் ஒண்ணும் சொல்லல்ல."

"ரெண்டு படகுதான் போச்சு. ஒண்ணு உன்னோடது. ஒண்ணு கிரகோரியோடது. நடிகருங்க எல்லாம் உன் படகுல. கம்பெனிக்காரன் காலையில இருந்து என்னைக் கொல்லுறான்."

"சத்தியமா சாரே."

"சத்தியம் வேண்டா. சாயந்திரம் பாக்கலாம். அந்தப் பயல் சொன்னது செரின்னா நாளைக்கு நீ கடவுக்கு வரண்டா."

கடவு என்பது ரிசார்ட்டின் படகுத்துறை. அங்கே இடம் இருந்தால் சுற்றுலா ஆட்கள் தாமாக வருவார்கள். இடம் இல்லாதவர்கள் பாலத்தடியில் நின்று போகிற கார்களைக் கைகாட்டிக் கூப்பிட வேண்டும். போன கிறிஸ்துமஸோடு ஷிபினுக்கு அந்த இடம் கிடைத்து ஒரு வருடம். அதற்கு முன் கடலுக்குப் போனான். பொழியூரில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. வள்ளத்தை ஏற்றி வைக்க மணல் இல்லாமல் ஆனபோது அதை விற்று இந்தப் படகை வாங்கினான். திரும்பிப் போக வள்ளம் இல்லை.

அனகா என்ன ஆனாள் என்று அவனுக்கே தெரியாது. படமெடுத்த அன்று போன்களை ஒரு பையில் வாங்கிக்கொண்டார்கள். எதையும் வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். படகுக்காரர்கள் கண்டல் செடிகளைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும் என்றார்கள். அவன் உட்கார்ந்திருந்தான். கொக்குகளைப் பார்த்தான்.

கிரகோரியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவனை உட்காரவைத்த இடத்தில் அவன் எப்போதுமே உட்கார்ந்தவன் இல்லை. மூத்திரம் முட்டுகிறது என்று எழுந்து போனான். வர நேரமாயிற்று.

மனைவி ரெஜிஷா பின்வாசலில் நெத்தோலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் லைஃப் ஜாக்கெட்டுகள் காய்ந்தன. தினமும் அவன் ஓட்டம் முடிந்து அவற்றைச் சுமந்து வருவான். அவள் நல்ல தண்ணீரில் உப்பு போக அலசிக் காயப்போடுவாள். பெரியவை ஆரஞ்சு நிறம். ஒன்று மட்டும் சிவப்பு, சிறியது. அதை அவன் படகிலேயே வைத்துவிடுவான். சிறிய உடம்புக்காரர்கள் வந்தால்தான் எடுப்பான்.

"யாரு விளிச்சது?"

சொன்னான். அவள் கை நின்றது.

"நீங்க யாருட்டயாவது சொன்னியளா?"

"எனக்கு என்ன தெரியும், சொல்லுறதுக்கு?"

"கிரகோரி அத்தானும் போனாருல்லா." அவள் மீண்டும் மீனைப் பார்த்தாள். "அத்தானுக்கு வாயில பூட்டு கிடையாது."

அதைத்தான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். கடவில் கிரகோரியின் படகு அவன் படகுக்குப் பின்னால் நிற்கும். ஷிபின் படகு போனால் அது ஓரிடம் முன்னால் வரும்.

கிரகோரியின் மனைவி பவுலா ரெஜிஷாவின் அக்கா. வீடு அடுத்த வீடு. டிவி அங்கேதான் பெரியது. மூன்று மாதமாக ஞாயிறு மாலை ஜெபமாலை முடிந்ததும் இரண்டு வீடும் அங்கே கூடும். மற்ற நாட்களில் அக்காவும் தங்கையும் நெய்யாற்றின்கரை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். அனகா மனுஷிதானா என்று அங்கே ஒரு வாரம் சண்டை நடந்தது. அவள் ஒரு பகுதியில்கூடச் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்தது பவுலா.

அன்று மாலை ஷிபின் கடைசியாக வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அங்கிருந்து டிவியும் தெரியும், கிரகோரியின் முகமும் தெரியும்.

"எலே, முன்ன வந்து இரி," என்றான் கிரகோரி.

"இங்க போதும் அண்ணா."

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வீடியோ கண்டியளா?"

"கண்டேன்." கிரகோரி அவனையே பார்த்தான். "மேனேஜரு என்னையும் விளிச்சாரு. நடிகரு எல்லாம் ஷிபின் படகுலல்லா போனாவன்னு சொன்னேன்."

"நல்லாச் சொன்னிய."

"உள்ளதத்தானலே சொன்னேன்."

"மிண்டாம இரிங்க ரெண்டு பேரும்," என்றாள் பவுலா. "தொடங்கியாச்சு."

திரையில் வெள்ளை மணல் விரிந்தது. இரண்டு சூரியன். உப்புக் கிரகம். நான்கு பேர் அங்கே சிக்கியிருந்தார்கள். விண்கலத்தில் மூன்று பேருக்குத்தான் மூச்சுக்காற்று இருந்தது. ஒருவர் நின்றாக வேண்டும்.

"மணலப் பாரு," என்றான் கிரகோரி. "நம்ம பொழிக்கரையாக்கும். உப்பாம். கிரகமாம். அந்தா, அந்தத் தெங்கு நிழலு கிடக்கு. தெங்க அழிச்சானுவ, நிழல அழிக்க மறந்துட்டானுவ."

"அது கலத்துக்க நிழலு," என்றாள் பவுலா.

"கலத்துக்கு ஓலை உண்டோ?"

ஷிபின் சிரிக்கவில்லை. கிரகோரி இவ்வளவு சகஜமாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. தப்புச் செய்தவன் முதலில் சிரிப்பான் என்று தோன்றியது. செய்யாதவனும் சிரிப்பான் என்று பிறகு தோன்றியது.

முதல் விளம்பரம் வந்தது.

"டாக்டருதான் நிப்பாரு," என்றாள் பவுலா. "வயசானவரு. பெண்டாட்டியும் செத்தாச்சு. அவருக்கு அங்க போயி என்ன இருக்கு?"

"அப்ப எனக்கு வயசானா என்னையும் விட்டுட்டு வந்துருவ," என்றான் கிரகோரி.

"உங்கள இப்பவே விட்டுட்டு வருவேன். மூச்சுக்காத்து மிச்சம்."

வழக்கமாக இந்த இடத்தில் ரெஜிஷா பேசுவாள். குழுவில் யார் என்ன சொன்னார்கள் என்று போனைப் பார்த்து வாசிப்பாள். இன்று போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீ சொல்லுட்டி," என்றாள் பவுலா. "யாரு நிப்பா?"

"அனகா."

"அந்த வீடியோக்காரன் சொன்னதுக்கா?"

"எனக்குத் தோணுது."

"கதாநாயகிய எவனாவது விடுவானா? நீ வாயக் கழுவு. அது நடந்தா உன் மாப்பிளைக்கு வேல இல்ல."

ரெஜிஷா போனைத் திருப்பிப் பார்த்து மீண்டும் கவிழ்த்தாள். ஷிபின் அவளைப் பார்த்தான். பயந்திருக்கிறாள் என்று நினைத்தான். பாவம் என்றும் நினைத்தான்.

மீண்டும் தொடங்கியது. அனகா தன் காற்றுக்குழாயைக் கழற்றி டாக்டரின் உடையில் பொருத்தினாள். போங்கள் என்று கைகாட்டினாள். மற்ற மூவரும் கலத்தை நோக்கி நடந்தார்கள்.

பவுலா அழத் தொடங்கினாள். ரெஜிஷா கண்ணை மூடிக்கொண்டாள். ஷிபின் நாளை காலையை நினைத்தான். பாலத்தடியில் நிற்கிற ஆட்களை நினைத்தான். அதில் பாதிப் பேரை அவன் கடவிலிருந்து பார்த்துக் கைகாட்டியிருக்கிறான், கொஞ்சம் பெருமையாகவே. கிரகோரி இப்போது சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கையெழுத்து உண்டு, இவன் போனால் அடுத்தது அவன்தான் என்று ஷிபினுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது விளம்பரம் நீண்டது. சோப்பு, பெயின்ட், நகைக்கடை.

பிறகு கலம் எழுந்தது. உப்பு பறந்து திரை வெளுத்தது. வெளுப்பு அடங்கியபோது கடல் தெரிந்தது. ஒரே ஒரு சூரியன். ஈர மணலில் ஒருத்தி நடந்து வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

அனகா.

கலத்தின் படியில் டாக்டர் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதைப் பின்னோக்கிக் காட்டினார்கள். கிரகத்தில் அவர் நின்றுவிட்டார்.

"நான் சொன்னேன்! டாக்டருன்னு நான் சொன்னேன்!" பவுலா கை தட்டினாள்.

"அது எப்பிடி?" என்றாள் ரெஜிஷா. "அவ திரும்பி வரல்லியே."

"அந்தா வந்துட்டால்லா. கண்ணத் திறந்து பாரு."

"படகுல வரல்லியே."

கிரகோரி சிரித்தான். "படகுல எப்பிடி வருவா? போவும்போதே அவளுக்கு வாந்தி. பொழி மூடிக் கிடந்துல்லா. மணலு வழியே நடத்திக் கூட்டிட்டு வந்து நம்ம கரையில கார்ல ஏத்தி விட்டானுவ. குடை பிடிச்சது நானாக்கும். லைஃப் ஜாக்கெட்டக்கூடக் கழத்தாமப் போயிட்டா. நடிகைய மணல்லயா விட்டுட்டு வருவானுவ?"

மழையில்லாத மாதங்களில் ஆற்றின் வாயைக் கடல் மணலால் அடைத்துவிடும். அதைத்தான் பொழி மூடுவது என்பார்கள். அப்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கால் நனையாமல் நடக்கலாம். படமெடுத்தது மாசியில்.

சிரித்துக்கொண்டிருந்த கிரகோரி நிறுத்தினான். ரெஜிஷாவைப் பார்த்தான். பிறகு ஷிபினைப் பார்த்தான். பிறகு ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்தான்.

ஷிபினின் போன் அடித்தது.

"தப்பிச்சே," என்றார் மேனேஜர். "நாளைக்கு வா. கம்பெனிக்காரனுக்கு இப்ப சந்தோஷம். பொய்ச் செய்தி பரவினதால நெறைய பேரு பாத்தாங்களாம். எடா, ஒண்ணு கேக்கட்டா? நீ வேணும்னு தப்பாச் சொல்லி விட்டியா?"

"இல்ல சாரே."

"செரி, செரி." அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

கிரகோரி வாசல்வரை வந்தான்.

"மக்கா, ஒரு காரியம். நான் உன்னத்தான் நினைச்சேன். மனசுல வச்சுக்காத."

"இல்ல அண்ணா."

நானும் உங்களைத்தான் நினைத்தேன் என்று ஷிபின் சொல்லவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். வேலியின் இடைவெளியில் ரெஜிஷா முன்னால் போனாள். கொடிக்கயிறு அருகே ஷிபின் நின்றான்.

படமெடுத்த அன்று மாலை இதே இடத்தில் அவள் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். நடிகை ஒல்லி. அதனால் காலையில் அவளுக்குச் சிவப்பைத்தான் கொடுத்திருந்தான். அதை அப்போதே போனில் வீட்டுக்கும் சொல்லியிருந்தான். போனை வாங்கிக்கொண்டதும் பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியதும் அதற்கும் பிறகுதான். எல்லாம் விரித்த பின் ரெஜிஷா, "செவப்பு எங்க?" என்றாள். அவன் "வரும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் ரிசார்ட்டில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். படகில் போட்டான். அவள் அதற்கப்புறம் அதைப் பார்க்கவில்லை.

"நீயா?"

அவள் திரும்பவில்லை.

"குரூப்புல ஒரே ஒருத்திட்டதான் சொன்னேன். யாருட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் சொன்னேன்."

"ஒரு ஜாக்கெட்டு வரல்லன்னு கதை முடிவா?"

"போன படகுல ஒண்ணு கொறஞ்சா வேற என்ன நினைக்க?" அவள் குரல் உயர்ந்தது. "எங்க அப்பன் போன வள்ளமும் வரத்தான் செஞ்சுது."

அவனுக்கு அது தெரியும். பொழியூரில் எல்லாருக்கும் தெரியும். வள்ளம் வந்தது, மற்றவர்கள் வந்தார்கள். கரையில் நின்றவர்கள் தலைகளை எண்ணினார்கள். அவள் அப்போது சிறுமி. அவளும் எண்ணினாள்.

அதற்கு அவன் எதுவும் சொல்லியிருக்கமாட்டான். அவள் தோளைத் தொட்டிருப்பான். அதற்காகக் கையைக்கூட நீட்டினான்.

"அப்ப, காலையில அண்ணனச் சொன்னது எதுக்கு?"

அவள் நின்றுகொண்டிருந்தாள். பவுலாவின் வீட்டில் டிவி இன்னும் ஓடியது. கடைசிப் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"எதுக்கு ரெஜிஷா?"

அவள் கொடியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஷிபின் கடவுக்குப் போனான். அவன் படகு அதன் இடத்தில் நின்றது. கிரகோரியின் படகு அதற்குப் பின்னால். ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தைப் பொழிக்கரைக்குக் கூட்டிப் போனான். உப்புக் கிரகம் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். காட்டினான். அனகா நடந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்குச் சிவப்பைக் கொடுத்திருந்தான்.

சாயங்காலம் ஓட்டம் முடிந்தது. கடவில் ரிசார்ட்காரர்கள் செடிக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஒன்று உண்டு. அதில் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அலசினான். படகின் கூரைக் கம்பியில் வரிசையாக மாட்டினான்.

"வீட்டுக்குக் கொண்டுபோவல்லியா?" என்றான் கிரகோரி.

"இங்கயே காயட்டும்."

கிரகோரி தலையாட்டினான்.

வீட்டில் ரெஜிஷா பின்வாசலில் வாளியில் நல்ல தண்ணீர் நிறைத்து வைத்திருந்தாள். அவன் வெறுங்கையோடு வருவதைப் பார்த்தாள். கொடிக்கயிற்றைப் பார்த்தாள்.

அவன் அந்த வாளியிலேயே கால் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.